கூடாரத்து உச்சியில் சிவப்புத் துணி

அத்தியாயம் 11

போன வாரம் கார் டிக்கி மூடவில்லை என்று பிரிசில்லா அதைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள், ஞாபகம் இருக்கும். கூடாரம், காற்றடிக்கிற மெத்தை, கேஸ் அடுப்பு, மூன்று வயது மகன் எழிலனின் யானை பொம்மை எல்லாம் அதற்குள் அடைந்து கிடந்தன. ஒருவழியாக டிக்கி மூடிக்கொண்டது. காலாண்டு விடுமுறைக்குக் குடும்பம் சிதம்பரத்தை விட்டுக் கிளம்பியும் விட்டது.

அவள் கணவன் கதிரவனுக்கு மட்டும் அந்த டிக்கி மூடாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

அவன் என்ன செய்வான்! இடத்தை முடிவு செய்தவர் சந்திரலேகா. பிரிசில்லா வேலை பார்க்கும் பள்ளியின் துணை முதல்வர். குழந்தை வளர்ப்பு, சமையல், சுற்றுலா என்று யூடியூபில் குறிப்புகள் சொல்கிறவர். அடுத்த வருடம் பிரிசில்லாவுக்கு ஒருங்கிணைப்பாளர் பதவி வருமா வராதா என்பதும் அவர் கையில்தான் இருக்கிறது. கதிரவன் ஏற்காடு என்று பார்த்தான், பிச்சாவரம் என்று பார்த்தான். எதுவும் நடக்கவில்லை. தேவனாம்பட்டினத்தைத் தாண்டி, தாழங்குடா போகிற வழியில், கடலோரத்துச் சவுக்குத் தோப்பில் கூடாரம் என்று முடிவாகிவிட்டது.

தேவனாம்பட்டினம் கதிரவன் பிறந்த ஊர். அவனுடைய அக்கா தமிழ்ச்செல்வி இன்றும் அங்கேதான் மீன் விற்கிறாள்.

சிதம்பரத்தில் இது அவன் வீட்டில் உள்ளவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. வேலை பார்க்கும் வங்கியில் சொந்த ஊர் கேட்டால் 'கடலூர்' என்பான். கடலூரில் எங்கே என்றால் 'டவுன்தான்' என்பான். கதிரவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கும் இந்த அத்தியாயத்தை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

சந்திரலேகாவின் கார் முன்னால் போக, கதிரவனின் கார் பின்னால் போனது. ஊருக்குள் நுழைந்ததும் ஆறு வயது அமலி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கத்தினாள்.

"அப்பா, அத்தை தெரு! நிறுத்துங்கப்பா!"

"அப்புறம் போலாம்டா."

"அப்புறம்னா எப்ப?"

கதிரவன் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைக் கூட்டினான். பக்கத்தில் இருந்த பிரிசில்லா கீழே குனிந்துகொண்டாள். அவள் மடியில் எழிலன் தூங்கிக்கொண்டிருந்தான், அவன் தலையைத் தடவுவது அவளுக்கு வசதியாக இருந்தது.

---

தோப்பில் ஏற்கெனவே நாலைந்து குடும்பங்கள் கூடாரம் போட்டிருந்தன. எல்லாம் ஒரே கடையில் வாங்கியதுபோல் ஒரே நீல நிறம். சந்திரலேகாவின் கணவர் அருண்பாண்டியன், பல் மருத்துவர், மணலில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அடிக்க அடிக்க உள்ளே போகும், கயிற்றை இழுத்தால் வெண்ணெயில் குத்திய குச்சி மாதிரி வெளியே வந்துவிடும்.

கதிரவன் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"சார், மணல்ல ஆணி நிக்காது. சாக்கு இருக்கா?"

தோப்புக் காவலாளியிடம் பழைய சிமென்ட் சாக்குகளை வாங்கி மணலை நிரப்பினான். வாயைக் கட்டி, கயிற்றை அதில் பிணைத்து, குழி தோண்டிப் புதைத்து மேலே மிதித்தான். கூடாரம் அசையவில்லை. அப்புறம் வாசலைக் கடல் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினான். சுற்றிலும் சின்ன வாய்க்கால் வெட்டிப் பள்ளத்துப் பக்கம் வழி விட்டான். அடியில் விரிக்கும் தார்ப்பாயின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை உள்ளே மடித்தான்.

"அது ஏன் சார் மடிக்கிறீங்க? பெரிசா இருந்தா நல்லதுதானே?" என்றார் சந்திரலேகா.

"வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா மழைத்தண்ணியப் பிடிச்சு அடியில அனுப்பிடும் மேடம். படுத்திருக்கிற புள்ளைங்க முதுகு நனைஞ்சிரும்."

"ஐயோ, சூப்பர்! எங்க சார் கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?"

"யூடியூப்ல பார்த்ததுதான்."

பிரிசில்லா அடுப்பைப் பற்றவைத்தபடி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் இது புதிது. வீட்டில் கொசுவலை கட்டவே நாலு தடவை சொல்ல வேண்டிய மனிதன்.

அவன் யாரிடமும் சொல்லாததை நான் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கதிரவனின் அம்மாவைக் கடல் கொண்டுபோன அந்தச் சுனாமிக்குப் பிறகு, பையனாக இருந்த அவன் பல மாதம் நிவாரணக் கூடாரத்தில்தான் இருந்தான். அப்பா அதற்கு முன்பே இல்லை. அக்கா தமிழ்ச்செல்விதான் ஒரு பக்கம் தன் கைக்குழந்தை பவானியையும் இன்னொரு பக்கம் தம்பியையும் போட்டுக்கொண்டு படுத்தாள். உடைந்த தட்டால் வாய்க்கால் வெட்டியவள் அவள். சாக்கில் மணல் நிரப்பியவளும் அவள்தான்.

வரிசை வரிசையாக ஒரே மாதிரிக் கூடாரங்கள். முதல் வாரத்தில் ஒரு நாள் தம்பி தன் கூடாரம் எது என்று தெரியாமல் அழுதுகொண்டே சுற்றினான். அதைப் பார்த்துவிட்டுத் தமிழ்ச்செல்வி, உடம்பில் இருந்த ஒரே சேலையின் ஓரத்தைக் கிழித்து உச்சியில் கட்டினாள். சிவப்பு. 'இதப் பாத்து வந்துரு கதிரு' என்றாள்.

இப்போது கதிரவன் பிரிசில்லாவின் பழைய சிவப்புத் துப்பட்டாவைக் கிழித்துத் தன் கூடாரத்தின் உச்சியில் கட்டினான்.

"இது எதுக்குப்பா?" என்றாள் அமலி.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குல்ல. விளையாடிட்டு வரும்போது இதைப் பார்த்து வந்துரு."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

---

கூடாரத்துக்குள் அமலிக்குக் கையில் அம்மாவின் போன் கிடைத்தது. அத்தையைக் கூப்பிட அவளுக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை, படத்தைத் தொட்டால் போதும்.

"அத்தை! இதுதான் இனிமே எங்க வீடு! டென்ட்டு! இங்கதான் படுக்கப் போறோம். அம்மா மண்ணுல உக்காந்து சோறு ஆக்குறாங்க."

"என்னாடி சொல்ற? எங்கடி இருக்கீங்க?"

"உங்க தெருவைத் தாண்டித்தான் வந்தோம். சவுக்கு மரமா இருக்கு. அப்பா நிறுத்தவே இல்ல."

"அப்பா என்னா பண்றான்?"

"குழி தோண்டுறாரு. மூஞ்சிய உம்முன்னு வெச்சிருக்காரு."

தோப்புக்குள் சிக்னல் அவ்வளவுதான். போன் அறுந்துபோனது. அமலி யானை பொம்மையைப் பிடித்துக்கொண்டு எழிலனோடு விளையாடப் போய்விட்டாள்.

ஊர் உலகம் ஆயிரம் சொல்லட்டும். தமிழ்ச்செல்விக்குத் தெரிந்து ஒரு குடும்பம் பிள்ளைகளோடு கூடாரத்தில் படுக்கிறது என்றால், அதற்கு வீடு போய்விட்டது என்று அர்த்தம். சந்தோஷத்துக்காக யாராவது மண்ணில் படுப்பார்கள் என்பது அவள் வாழ்க்கையில் எந்த இடத்திலும் கிடையாது.

---

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சந்திரலேகா போனை ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோவை ஓடவிட்டார். கதிரவனை நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவனுக்கும் உள்ளூர ஒரு குஷி வந்திருந்தது. பொய் சொல்லாமல் சொல்லிவிடுவோம், அந்த நேரத்தில் அவன் தன்னை மறந்து நன்றாகவே பேசினான்.

"சின்னப் புள்ளைங்களோட வர்றவுங்க வாசல்ல ஒரு டப்பால தண்ணி வைங்க. கால் கழுவிட்டு உள்ள வரட்டும். ஒரு பிடி மணல் படுக்கைல விழுந்தாலும் ராத்திரி பூரா புள்ளை நெளியும்."

"சாப்பாட்டுப் பொருள் சார்?"

"உள்ள வைக்கவே கூடாது. எறும்பு வரும், நாய் வரும். பையில போட்டு மரக்கிளையில கட்டித் தொங்க விட்ருங்க. இருட்டுறதுக்கு முன்னாடியே முழுக்கைச் சட்டை போட்டு விட்ருங்க, கொசு ஜாஸ்தி. புகை போடறதுன்னா வெளிய, காத்து வர்ற பக்கம் தள்ளி. அடுப்ப மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் டென்ட்டுக்குள்ள..."

அப்போதுதான் சவுக்கு மரங்களுக்கு நடுவே அவள் ஓடி வருவது தெரிந்தது.

தலையில் ஒரு சோற்றுப் பானை. கையில் குழம்புத் தூக்கு. கக்கத்தில் சுருட்டிய பாய், அதற்குள் இரண்டு தலையணை. மீன் வெட்டிய புடவையைக்கூட மாற்றாமல் வந்திருக்கிறாள், அதில் செதில் ஒட்டியிருந்தது. கண் அழுது சிவந்திருந்தது. வரிசையாக இருந்த நீலக் கூடாரங்களை மேலும் கீழும் பார்த்தாள். சிவப்புத் துணியைக் கண்டதும் நேராக அங்கே வந்தாள்.

"என்னா தம்பி ஆச்சு? புள்ளைங்க எங்க?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "நம்ம வூடு இருக்கும்போது புள்ளைங்கள ஏன் இப்புடி மண்ணுல..."

அவ்வளவு சொன்னவள் நிறுத்தினாள். மடக்கு நாற்காலிகளைப் பார்த்தாள். பழச்சாறு டம்ளரைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி போட்ட அருண்பாண்டியனைப் பார்த்தாள்.

"அம்மா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, வீடியோ ஓடுது," என்றார் சந்திரலேகா. கெட்ட எண்ணம் இல்லை, யாரிடமும் இப்படித்தான் சொல்வார். பிறகு கதிரவன் பக்கம் திரும்பினார். "யார் சார் இவங்க?"

பதில் சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். அக்கா.

"பழக்கமான மீன்கார அம்மா, மேடம்," என்றான் கதிரவன்.

பிரிசில்லா கையில் கரண்டியோடு நின்றாள். 'அண்ணி, வாங்க' என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாம் அந்த இடத்திலேயே சரியாகியிருக்கும். வாய் வரைக்கும் வந்தது. சந்திரலேகாவின் முகத்தைப் பார்த்தாள், ஒருங்கிணைப்பாளர் நாற்காலி ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டாள். மூடிய நிமிடமே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

தமிழ்ச்செல்வி தம்பியின் முகத்தை ஒரு முறை பார்த்தாள். புரிந்துகொண்டாள். எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டாள் என்பதுதான் கொடுமை.

"ஆமாம்மா," என்றாள். "சார் வூட்டுக்கு எப்பவும் நான்தான் மீன் குடுக்கறது. புள்ளைங்களோட தங்குறாங்கன்னு கேள்விப்பட்டேன். சுடச்சுட கொஞ்சம் குழம்பு."

"வாசனையே தூக்குது! எவ்வளவும்மா ஆச்சு?"

"அதெல்லாம் வேணாம்மா. பழகுன மனுஷங்க."

அதற்குள் அமலி மணல் கையோடு ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தை!"

சந்திரலேகாவின் முகம் மலர்ந்துபோனது.

"பாருங்க பிரிசில்லா, மீன் விக்கிறவங்களைக்கூட எவ்வளவு அழகா அத்தைங்குது! இதான் வளர்ப்பு. எங்க அப்பார்ட்மென்ட் பிள்ளைங்களுக்கு இதைத்தான் காட்டப் போறேன்."

பிரிசில்லா சிரிக்க முயன்றாள். உதடு மட்டும் அசைந்தது.

தமிழ்ச்செல்வி குனிந்து அமலியின் நெற்றியில் முத்தம் வைத்தாள். பானையையும் தூக்கையும் கூடாரத்து நிழலில் இறக்கினாள். பாயையும் தலையணையையும் மட்டும் திரும்பக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். போகும்போது உச்சியை அண்ணாந்து பார்த்தாள்.

"துணி கட்டுனது நல்லது தம்பி. புள்ள வழி தவறாம வந்து சேந்துரும்."

வந்தபோது ஓடி வந்தவள், போகும்போது மெதுவாக நடந்தாள்.

---

குழம்பை எல்லோரும் கையை நக்கிச் சாப்பிட்டார்கள். அருண்பாண்டியன் இரண்டு தடவை சோறு கேட்டார். கதிரவன் தட்டில் கை வைத்ததோடு சரி.

மத்தியானத்துக்கு மேல் சந்திரலேகா கடற்கரைச் சாலையில் சிக்னல் தேடிப் போய் வீடியோவை ஏற்றிவிட்டு வந்தார். கடைசியில் வந்த மீன்கார அம்மாவை வெட்டவே இல்லையாம், அந்தப் பகுதிதான் ரொம்ப இயல்பாக வந்திருக்கிறதாம்.

பிரிசில்லா தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்ததையே மறுபடி கழுவினாள். கதிரவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல," என்றான்.

"சொல்லியிருக்கலாம். சொல்லல." அவள் நிமிரவில்லை. "அதுக்கு நான் சாகுற வரைக்கும் அண்ணி மூஞ்சியப் பாக்க முடியாது. ஆனா உங்களுக்கும் சேத்து நான் வெட்கப்பட முடியாது. உங்க பங்கு உங்களுக்கு."

"அவசரத்துல வாயில வந்துடுச்சு பிரிசி."

"அவசரத்துல அக்கான்னுதானே வரணும்?"

தண்ணீர் சொட்டும் தூக்கை அவள் அவன் கையில் கொடுத்தாள்.

"பானையும் அங்க இருக்கு. கொண்டுபோய்க் குடுங்க. ஆளை அனுப்பாதீங்க. நீங்க போங்க."

"வரமாட்டியா?"

"முதல்ல நீங்க போங்க. நான் இங்க மேடத்துக்கிட்ட சொல்ல வேண்டியதை சொல்லிட்டு வர்றேன்."

அமலி கேட்காமலே காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

---

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கார் அந்தத் தெருவில் நின்றது. காலையில் கண்ணாடி ஏற்றிக்கொண்டு கடந்த அதே தெரு.

வாசல் திறந்திருந்தது. கூடத்தைக் கூட்டிப் பாய் விரித்திருந்தார்கள். இரண்டு பெரிய பாய், நடுவே குழந்தைகளுக்கு மெத்தென்று பழைய சேலைகளை மடித்துப் போட்ட படுக்கை. தலையணைகளுக்குப் புது உறை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வீடு போய்விட்டது என்று நினைத்து, தோப்புக்கு ஓடி வருவதற்கு முன்னாலேயே இதையெல்லாம் விரித்துவிட்டு வந்திருக்கிறாள். திரும்பி வந்த பிறகும் எடுக்கவில்லை.

கதிரவனுக்கு வாசற்படியில் கால் ஏறவில்லை.

உள்ளே இருந்து பவானி வந்தாள். நர்சிங் முடித்த பெண். அன்று கூடாரத்தில் அவனோடு ஒரே பாயில் கிடந்த கைக்குழந்தை. அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். அப்பா இல்லாத பெண், தட்டு மாற்ற நிற்கப்போவது தாய்மாமன் கதிரவன்தான் என்று போன மாதமே பேசி முடித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

"வாங்க மாமா," என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. அமலியை உள்ளே போகச் சொன்னாள்.

"அம்மா எங்க?"

"கொல்லையில பாத்திரம் தேய்க்குது. வந்ததுல இருந்து அதையேதான் தேய்க்குது. கேட்டா ஒண்ணுமே சொல்லல. தோப்புல எல்லாம் நல்லா இருக்காங்க, ஜாலியா வந்திருக்காங்கன்னு மட்டும் சொல்லுச்சு."

கதிரவன் தூக்கை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"பிரிசில்லா அத்தை வேலை பாக்குற ஸ்கூல் மேடம் சேனலை நான் பாப்பேன் மாமா. இன்னிக்கு நீங்க வந்தீங்க. எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? 'எங்க மாமா பேசுறாரு பாருங்க'ன்னு முழுசாக்கூடப் பாக்காம மாப்புள வூட்டுக்கு அனுப்பிட்டேன். சாமியார்பேட்டைல அவுங்க வூடே உக்காந்து பாத்துருக்கு." அவள் கையில் இருந்த போனைக் கவிழ்த்துப் பிடித்தாள். "அதுக்கப்புறம்தான் கடைசி வரைக்கும் பாத்தேன்."

அவன் தலை குனிந்தான். தூக்கைக் கீழே வைத்தான்.

"பவானி, நான் வந்து..."

"எங்கம்மா உங்களுக்கு மீன்கார அம்மான்னா, எனக்குத் தாய்மாமன் யாரு மாமா?"

அந்த நேரம் பார்த்து அவள் கையில் இருந்த போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு அவன் பக்கம் நீட்டினாள்.

"மாப்புளயோட அம்மா. மூணாவது வாட்டி. நான் எடுக்கல. நீங்களே பேசுங்க."

கொல்லையில் இருந்து தமிழ்ச்செல்வியின் குரல் வந்தது. கோபம் இல்லாத குரல்.

"அவன்ட்ட குடுக்காதடி! புள்ள சங்கடப்படுவான். இங்க கொண்டா, மீன்காரிதான், அந்தச் சார் நமக்கு வாடிக்கை, பழக்கத்துல மாமாங்கிறோம்னு நானே சொல்லிக்கிறேன். தட்டு மாத்த வேற யாரையாவது நிறுத்திக்கலாம்."

அக்கா திட்டியிருந்தால் கதிரவன் தாங்கியிருப்பான். இப்போதும் அவனுக்குத்தான் அவள் பாய் விரிக்கிறாள்.

போனை வாங்கினான். எடுத்து 'ஹலோ' என்றான்.

"யாரு, பவானி மாமாவா? நல்லதாப் போச்சு," என்றது மறுமுனை. "வீடியோ பாத்தோம் தம்பி. நல்லாப் பேசுனீங்க. கடைசில ஒரு அம்மா வந்தாங்களே, சம்பந்தியம்மா மாதிரியே இருந்தாங்க. வூட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அது யாரு?"

"எங்க அக்காங்க," என்றான் கதிரவன். இன்னொரு முறை, உரக்கச் சொன்னான். "என் கூடப் பொறந்த அக்கா. என்னை வளத்தவங்க."

பின்னணியில் யாரோ முணுமுணுப்பது கேட்டது.

"கூடப் பொறந்தவங்களா? அப்ப ஏன் தம்பி அப்புடிச் சொன்னீங்க?"

கொல்லையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.